கடலடி மணல் திரவமாகுமா? காற்றாலை அடித்தளத்துக்கு அந்த ஆபத்தை மதிப்பிடுவது எப்படி

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். நிலத்தில் பாலங்களுக்கும் கட்டடங்களுக்கும் அடித்தளம் வடிவமைத்துப் பழகிய ஒரு பொறியாளர் இப்போது கடல் காற்றாலைத் திட்டம் ஒன்றில் சேர்ந்திருக்கிறார். நீர் ஆழம் 40 மீட்டர். கடல் தரையில் வண்டல் கலந்த நுண்மணல். நிலநடுக்கம் வரக்கூடிய பகுதி. வழக்கமாகப் போடும் கணக்கைப் போட்டுப் பார்த்தால், கடல் தரைக்குக் கீழே 8 மீட்டரிலிருந்து 14 மீட்டர் வரை திரவமாதலுக்கு எதிரான பாதுகாப்புக் காரணி, அதாவது மண்ணின் எதிர்ப்பை நடுக்கம் தரும் சுமையால் வகுத்த எண், 0.3 என்று வருகிறதாம்; அது 1-க்குக் கீழே போனால் மண் திரவமாகும் என்று பொருள். "இந்த இடத்தில் மோனோபைல் போடவே முடியாதா? நிலத்துக்கான முறை கடலுக்கும் பொருந்துமா?" என்று கேட்கிறார். மோனோபைல் என்பது கடல் தரைக்குள் இறக்கும் ஒற்றைப் பெரிய எஃகுக் குழாய்.

அந்த 0.3 அநேகமாகத் தவறு. சரியான மதிப்பு 0.9-ஐ ஒட்டி இருக்கும் என்று நினைக்கிறேன். காரணத்தைக் கணக்கோடு காட்டுகிறேன். ஆனால் 0.9 என்று திருத்தியதோடு வேலை முடிவதில்லை. பாதுகாப்புக் காரணி ஒரு மண் அடுக்கின் நிலையைச் சொல்கிறது. நமக்குத் தெரிய வேண்டியது காற்றாலையின் நிலை. நடுக்கம் நின்ற பிறகு கோபுரம் எவ்வளவு சாய்ந்திருக்கும், அதன் அதிர்வெண் எவ்வளவு இறங்கியிருக்கும், அடுத்து வரும் புயலை அது தாங்குமா என்பவைதான் கேள்விகள். அங்கே போய்ச் சேரும் வழியில் நிலத்து முறை பாதி தூரம் வரை துணைக்கு வரும். மீதிப் பாதியைக் கடலுக்கே உரிய கணக்குகளைக் கொண்டு கடக்க வேண்டும்.

அடிப்படையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். மணலின் வலிமை, அதன் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதில் இருக்கிறது. நீர் நிறைந்த தளர்ந்த மணலைக் குலுக்கினால் துகள்கள் நெருங்கி உட்காரப் பார்க்கும். இடையிலிருக்கும் நீர் வெளியேற நேரம் கிடைக்காவிட்டால், துகள்கள் சுமந்த பாரம் நீருக்கு மாறும். துளைநீர் அழுத்தம் ஏற ஏறச் செயலுறு தகைவு, அதாவது துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் அளவு, இறங்கும். அது பூஜ்யத்தை நெருங்கும்போது மணல் ஒரு கனத்த திரவத்தைப் போல நடந்துகொள்ளும். 1964 ஜூனில் ஜப்பானின் நிகாட்டா நகரில், கவாகிஷி-சோ குடியிருப்பின் கான்கிரீட் அடுக்குமாடிகள் சுவர் உடையாமல் அப்படியே சாய்ந்ததற்கு இதுதான் காரணம். அதே ஆண்டு மார்ச்சில் அலாஸ்கா நிலநடுக்கமும் இதைக் காட்டியது. அந்த இரண்டு நிகழ்வுகளின் படிப்பினையிலிருந்து 1971-இல் மண் பொறியாளர்கள் ஹாரி போல்டன் சீடும் இட்ரிஸும் வகுத்த எளிய முறையைத்தான், பல திருத்தங்களுடன், இன்றும் உலகம் முழுவதும் பயன்படுத்துகிறோம்.

மேலே சொன்னதில் "நேரம் கிடைக்காவிட்டால்" என்ற சொற்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடலில் அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிறகு அதற்கு வருகிறேன்.

எளிய முறையில், நிலநடுக்கம் மண்ணுக்குக் கொடுக்கும் சுழற்சித் தகைவு விகிதம் நான்கு எண்களின் பெருக்கல்: 0.65, தரைமட்ட உச்ச முடுக்கத்துக்கும் புவியீர்ப்பு முடுக்கத்துக்கும் உள்ள விகிதம், மொத்தச் செங்குத்துத் தகைவுக்கும் செயலுறு செங்குத்துத் தகைவுக்கும் உள்ள விகிதம், ஆழத்தோடு குறையும் ஒரு காரணி. இதில் மூன்றாவதில்தான் கடலுக்கு வருபவர்கள் சறுக்குகிறார்கள். மொத்தத் தகைவு என்றதும் 40 மீட்டர் நீரின் எடையையும் சேர்த்துவிடுகிறார்கள். மண்ணியல் பாடப்படி அது மொத்தத் தகைவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தச் சூத்திரத்தில் அந்த உறுப்பு ஏன் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஓர் ஆழத்துக்கு மேலே இருக்கும் மண் தூண் பக்கவாட்டில் ஆடும்போது, அதன் நிறையும் முடுக்கமும் சேர்ந்து அந்த ஆழத்தில் ஒரு வெட்டுத் தகைவை உண்டாக்குகின்றன. மொத்தத் தகைவு அங்கே ஆடும் நிறைக்குப் பதிலாக நிற்கிறது. நீருக்கு வெட்டுத் தகைவைக் கடத்தும் திறன் கிடையாது. கடல் தரை பக்கவாட்டில் ஆடும்போது மேலிருக்கும் நீர் அதோடு சேர்ந்து ஆடுவதில்லை. ஆகவே கடல் தரையைப் பூஜ்யமாக வைத்து, அதற்குக் கீழுள்ள நீர் நிறைந்த மண்ணின் எடையை மட்டுமே எடுக்க வேண்டும்.

எண்களில் பார்ப்போம். கடல் தரைக்குக் கீழே 10 மீட்டர். நீர் நிறைந்த மண்ணின் எடை கன மீட்டருக்கு 19 கிலோநியூட்டன், நீருக்கு 10. மொத்தத் தகைவு 190 கிலோபாஸ்கல். செயலுறு தகைவு 90. விகிதம் 2.1. உச்ச முடுக்கம் புவியீர்ப்பில் 0.2 பங்கு, ஆழக் காரணி 0.91 என்று வைத்தால் சுழற்சித் தகைவு விகிதம் 0.25 வருகிறது. நீரின் 400 கிலோபாஸ்கலைச் சேர்த்துவிட்டால் அந்த விகிதம் 6.6 ஆகி, விடை 0.78 என்று மூன்று மடங்கு பெருத்துவிடும். மண்ணின் எதிர்ப்பு 0.23 என்று இருந்தால், முதல் கணக்கில் பாதுகாப்புக் காரணி 0.92; இரண்டாவதில் 0.30. நீங்கள் சொன்ன எண்ணுக்கு இது அப்படியே பொருந்துகிறது. நான் சரிபார்த்த ஓர் அறிக்கையிலும் இதே பிழையைப் பார்த்திருக்கிறேன். நிலத்துக்காக எழுதிய மென்பொருளில் நிலத்தடி நீர்மட்டத்தைத் தரைக்கு மேலே 40 மீட்டர் என்று கொடுத்திருந்தார்கள். மென்பொருள் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. உங்கள் கோப்பில் முதலில் அந்த உள்ளீட்டைப் பாருங்கள்.

முடுக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். சூத்திரம் கேட்பது கடல் தரையில் உணரப்படும் முடுக்கம். நிலநடுக்க ஆபத்து வரைபடம் கொடுப்பது பெரும்பாலும் பாறை மட்டத்து முடுக்கம். இடையிலுள்ள மண் அதைப் பெருக்கவும் செய்யும், வலுவான நடுக்கத்தில் மென்மண் அதைக் குறைக்கவும் செய்யும். செங்குத்து அசைவில் மேலிருக்கும் நீரின் பங்கும் உண்டு. கிடைமட்ட அசைவில் அது மிகக் குறைவு. திரவமாதலுக்கு முக்கியம் கிடைமட்ட அசைவுதான்.

அடுத்து எதிர்ப்புப் பக்கம், அதாவது அந்த 0.23 எங்கிருந்து வந்தது என்பது. நிலத்தில் எஸ்.பி.டி. எண்ணிக்கையை (ஒரு குழாயை மண்ணுக்குள் இறக்கச் சுத்தியலால் எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்ற எண்) வைத்தே காலம் தள்ளலாம். கடலில் அதை நம்ப வேண்டாம். அலையில் ஏறி இறங்கும் கப்பலிலிருந்து நீண்ட தண்டுகளின் வழியாகச் சுத்தியல் அடிக்கும்போது எவ்வளவு ஆற்றல் முனைக்குப் போய்ச் சேர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கடலில் கோன் சோதனைதான் அடிப்படை. 10 அல்லது 15 சதுர சென்டிமீட்டர் முனையை விநாடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் அழுத்தி, முனை எதிர்ப்பு, பக்க உராய்வு, துளைநீர் அழுத்தம் மூன்றையும் தொடர்ச்சியாகப் பதிவு செய்கிறோம். அழுத்தும் சட்டகம் கடல் தரையிலேயே உட்கார்ந்திருப்பதால் கப்பலின் ஆட்டம் அளவீட்டைத் தொடுவதில்லை. ஆழம் அதிகமானால் துளையிட்டு, துளையின் அடியிலிருந்து சில மீட்டர் சில மீட்டராக அழுத்துவார்கள். அப்போது ஒவ்வொரு தள்ளலின் தொடக்கத்திலும் கலைந்த மண்ணின் பதிவைக் கழித்துவிட வேண்டும். அந்தச் சிறு குழிவுகளைத் தளர்ந்த மணல் என்று வாசித்துவிடக் கூடாது.

வண்டல் கலந்த மணலில் இதைவிடப் பெரிய சிக்கல் மெல்லிய அடுக்குகள். 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள முனை, தான் நிற்கும் புள்ளியை மட்டும் உணர்வதில்லை. தன் விட்டத்தைப் போலப் பல மடங்கு தூரம் முன்னும் பின்னும் உள்ள மண்ணையும் சேர்த்து உணர்கிறது. இரண்டு களிமண் அடுக்குகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டர் மணல் இருந்தால், அந்த மணலின் முழு எதிர்ப்பு பதிவில் வருவதற்கு முன்பே முனை அதைத் தாண்டிவிடும். அடர்ந்த மணல்கூடத் தளர்ந்ததாகத் தெரியும். ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய படிவுகளில் இது சர்வசாதாரணம். தைவானின் மேற்குக் கரையில் சாங்ஹுவா கடற்பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: மணல், வண்டல், களிமண் எல்லாம் மாறி மாறி அடுக்கியிருக்கும் இளம் படிவு, கூடவே கடுமையான நிலநடுக்க ஆபத்து. 1999 சி-சி நிலநடுக்கத்தின்போது அந்தத் தீவின் யுவான்லின், வூஃபெங் பகுதிகளில் மண் திரவமானது. அத்தகைய அடுக்கு மண்ணில் கோன் பதிவை அப்படியே கணக்கில் போட்டால் ஆபத்து மிகையாகவே தெரியும். மெல்லடுக்குத் திருத்தம் செய்யுங்கள். மண் வகைச் சுட்டெண் 2.6-க்கு மேல் போனால் களிமண் என்று கணினி தானாகவே ஒதுக்குவதையும் மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த 2.6 ஒரு வசதிக்கான கோடு. குறைந்த குழைவுத்தன்மையுள்ள வண்டல் அதன் இரண்டு பக்கமும் விழும். சிப்பி, பவளத் துகள்களால் ஆன சுண்ணாம்பு மணல் என்றால் இந்தத் தொடர்புகளே மாறிப்போகும். அங்கே துகள்கள் நொறுங்குவதால் முனை எதிர்ப்பு குறைவாகவே பதிவாகும்.

இன்னொரு எல்லையையும் சொல்லியாக வேண்டும். எளிய முறைக்கு அடித்தளமான பழைய நிகழ்வுகள் பெரும்பாலும் நிலத்தில், கிட்டத்தட்டச் சமதளத்தில், 15 மீட்டருக்குள் நடந்தவை. மோனோபைல் 30, 40 மீட்டர் இறங்குகிறது. 20 மீட்டருக்குக் கீழே இந்தச் சூத்திரத்தை நீட்டுவது அனுபவ ஆதாரம் இல்லாத இடத்துக்குப் போவது. அங்கே பாறையிலிருந்து கடல் தரை வரை மண் தூணின் அசைவை நேரடியாகக் கணிக்கும் பகுப்பாய்வு வேண்டும். அதுவும் துளைநீர் அழுத்தம் ஏறுவதையும் சேர்த்துக் கணிப்பதாக இருக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது எளிய முறையில் தெரியாத ஒன்று தெரியவரும். ஆழத்தில் ஓர் அடுக்கு முதலில் மென்மையாகிவிட்டால், அதற்கு மேலுள்ள மண்ணுக்கு வலுவான அசைவு போய்ச் சேராது. எளிய முறை ஒவ்வோர் ஆழத்தையும் தனித்தனியாகப் பார்ப்பதால், எல்லா அடுக்குகளும் ஒரே நேரத்தில் திரவமாகும் என்று சொல்லிவிடும். உண்மையில் அடுக்குகள் ஒன்றையொன்று பாதிக்கின்றன.

இதுவரை நிலநடுக்கத்தைப் பற்றிப் பேசினேன். கடலில் மண்ணைக் குலுக்குவது அது மட்டும் இல்லை. கடலடி மண் திரவமாதல் பற்றிய தீவிரமான அக்கறை அலைகளாலும் வந்தது. 1973-இல் வட கடலில் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் எக்கோஃபிஸ்க் எண்ணெய்த் தொட்டியை நிறுவியபோது, புயல் அலைகள் அந்தப் பிரம்மாண்டமான கான்கிரீட் தொட்டியை மாறி மாறித் தள்ளுவதால் கீழுள்ள நுண்மணலில் துளைநீர் அழுத்தம் ஏறித் திரவமாகிவிடுமா என்ற கேள்வியை முன்னோடிகள் ஆராய்ந்தார்கள். அந்த மணல் அடர்ந்திருந்தது, நீர் வெளியேற வழியும் இருந்தது, தொட்டி நிலைத்தது. அந்த ஆய்வில் உருவான சிந்தனை முறை இன்றைய காற்றாலை வடிவமைப்பிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்கள் தளத்துக்கே ஓர் அலைக் கணக்கைப் போடுகிறேன். 10 மீட்டர் உயர அலை, 12 விநாடி காலம், 40 மீட்டர் ஆழம். அலையின் நீளம் 190 மீட்டருக்குச் சற்று மேல். முகடும் பள்ளமும் கடந்து போகும்போது கடல் தரையில் அழுத்தம் கூட்டியும் குறைத்தும் சுமார் 25 கிலோபாஸ்கல் மாறுகிறது. இது மண்ணுக்குள் கொடுக்கும் சுழற்சித் தகைவு விகிதம் தரையை ஒட்டி ஏறக்குறைய 0.09, 10 மீட்டர் கீழே 0.07. அதே அலை 20 மீட்டர் ஆழத்துக்கு வந்தால், தரையை ஒட்டிய விகிதம் 0.17 ஆகிவிடும். கவனியுங்கள்: நிலநடுக்கக் கணக்கில் நுழையவே கூடாத நீர் ஆழம், அலைக் கணக்கின் விடையையே தீர்மானிக்கிறது.

0.07 சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் அளவு 7.5 நிலநடுக்கத்தை நாம் ஏறக்குறைய 15 சம சுழற்சிகளாக எண்ணுகிறோம், 0.23 என்ற எதிர்ப்பும் அந்த 15 சுழற்சிகளுக்கானதுதான். ஆறு மணி நேரப் புயலில் 12 விநாடி அலைகள் 1,800 வரும். எல்லாமே 10 மீட்டர் அலைகளாக இருக்காது. ஆனாலும் சில நூறு பெரிய சுழற்சிகளுக்குச் சமமாக இருக்கலாம். சுழற்சி எண்ணிக்கை ஏற ஏற மணலின் எதிர்ப்பு இறங்கும். 15-லிருந்து 500 சுழற்சிக்குப் போகும்போது சில மணல்களில் அது மூன்றில் ஒரு பங்கு வரை விழும். 0.23-இல் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய 0.08. நீர் சிறிதும் வெளியேறாது என்று வைத்துக்கொண்டால், நல்ல புயல் ஒன்றே உங்கள் மண்ணை விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும்.

நீர் வெளியேறுமா? நேரத்தைப் பற்றி முன்னால் சொன்னது இங்கே வருகிறது. 10 மீட்டர் தடிமனுள்ள மணல், நீர் மேல்நோக்கி மட்டும் வடியும், மண்ணின் அமுக்க விறைப்பு 50 மெகாபாஸ்கல் என்று கொள்வோம். சுத்தமான மணலில் நீர் ஊடுருவும் திறன் விநாடிக்கு 0.1 மில்லிமீட்டர் இருந்தால், ஏறிய அழுத்தம் வடிய மூன்று நிமிடம் அளவில் ஆகும். வண்டல் சேர்ந்து ஊடுருவுதிறன் நூறில் ஒரு பங்கானால் ஐந்தரை மணி நேரம். ஆயிரத்தில் ஒரு பங்கானால் இரண்டு நாளுக்கு மேல். நிலநடுக்கத்தின் வலுவான பகுதி ஒரு நிமிடம் போல. புயல் பல மணி நேரம். சுத்தமான மணலில் நிலநடுக்கம் மட்டுமே நீரை முந்திக்கொள்ளும். புயலை நீர் முந்திவிடும். வண்டல் மணலில் இரண்டுமே நீரை முந்தும். ஆகவே உங்கள் தளத்தில் கடைசியில் முடிவைச் சொல்லப்போவது உச்ச முடுக்கத்தின் இரண்டாவது தசம இடத்தைக் காட்டிலும் அந்த வண்டல் மணலின் ஊடுருவுதிறன்தான் என்பது என் உறுதியான கருத்து. பல அறிக்கைகளில் அதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

மணலுக்கு மேலே மெல்லிய களிமண் மூடியாகக் கிடந்தால் நிலைமை இன்னும் கடுமை. மேலேறும் நீர் அந்த மூடிக்குக் கீழே தேங்கும். அந்த இடைவெளியில் மணல் தளர்ந்து, நடுக்கம் நின்ற பிறகும் வலுவிழந்துகொண்டே போகலாம். ஓரிரு டிகிரிச் சரிவுள்ள கடல் தரையில்கூட மேலடுக்கு பக்கவாட்டில் நகர இது போதும்.

இன்னொரு வகைத் திரவமாதலும் இருக்கிறது. அதில் அழுத்தம் மெல்ல மெல்லச் சேர்வதில்லை. அலைப்பள்ளம் தலைக்கு மேல் கடக்கும் அந்தச் சில விநாடிகளில், தரை மேலே அழுத்தம் குறைந்து, மண்ணுக்குள் குறையாமல் நின்று, நீர் மேல்நோக்கித் தள்ளும். மேல்தட்டு மட்டும் கணநேரம் எடையிழக்கும். துளைநீரில் வாயுக் குமிழிகள் இருந்தால் இது அதிகமாகும். பைலுக்கு இதனால் பெரிய தீங்கில்லை. மண்ணரிப்புத் தடுப்புக் கற்களும் கேபிள்களும்தான் பாதிக்கப்படும். அதைப் போலவே கேபிள் பள்ளத்தைத் தோண்டி மூடிய மண்ணும், பைலைச் சுற்றி அரித்த குழியில் பிறகு வந்து நிரம்பிய மணலும் சுற்றியுள்ள மண்ணைவிட மிகத் தளர்ந்தவை. அவற்றை இயற்கைப் படிவின் எதிர்ப்போடு கணக்கிடக் கூடாது.

ஆய்வகச் சோதனைக்கு வருவோம். மணலைக் கலையாமல் கடலடியிலிருந்து எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். ஆகவே கோன் பதிவிலிருந்து அடர்த்தியை மதிப்பிட்டு, அதே அடர்த்திக்கு மாதிரியை மறுபடியும் தயாரிக்கிறோம். தயாரிக்கும் முறையே விடையை மாற்றும்: ஈரமாக இடித்து நிரப்பிய மாதிரியும் நீரில் தூவிப் படியவைத்த மாதிரியும் ஒரே அடர்த்தியில்கூட வேறு வேறு எதிர்ப்பைக் காட்டும். கடல் படிவுக்கு நீரில் படியவைப்பதே இயற்கைக்கு நெருக்கமானது. சுழற்சி எளிய வெட்டுச் சோதனை, நில அசைவையும் பைலைச் சுற்றியுள்ள மண்ணின் நிலையையும் ஓரளவு ஒத்திருப்பதால் நான் அதையே விரும்புவேன். 15 சுழற்சியோடு நிறுத்தாமல், சில நூறு வரை கொண்டுபோங்கள்; புயலுக்கு வேண்டிய எண்கள் அங்கேதான் கிடைக்கும்.

கடலடி மணலுக்குச் சாதகமான ஒரு விஷயமும் உண்டு. பல நூற்றாண்டுகளாகச் சிறிய, நடுத்தரப் புயல்கள் அதைக் குலுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அழுத்தம் ஏறி, வடிந்து, துகள்கள் இன்னும் உறுதியாகப் பொருந்தியிருக்கின்றன. அதனால் புதிதாகத் தயாரித்த மாதிரி களத்து மண்ணைவிட வலுவிழந்து தெரியலாம். சோதனைக்கு முன் மாதிரியைச் சிறிய சுழற்சிகளுக்கு உட்படுத்தி வடியவிடுவது இதற்காகத்தான். ஆனால் பெரிய நடுக்கம் ஒன்று அந்த வரலாற்றை அழித்துவிடும். கிறைஸ்ட்சர்ச் நகரில் 2010 செப்டம்பரில் திரவமான இடங்கள் பலவும் 2011 பிப்ரவரியில் மறுபடி திரவமாயின. ஒருமுறை திரவமாகி அமர்ந்த மண் இனிப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம்.

இனி காற்றாலைக்கு வருவோம்; கேள்வியின் உயிர் இங்கேதான். பெரிய காற்றாலையின் முதல் இயல்பு அதிர்வெண் விநாடிக்கு 0.2 முதல் 0.3 சுழற்சி அளவில் இருக்கும். சுழலியின் சுற்று அதிர்வெண் அதற்குக் கீழே, மூன்று இறக்கைகள் கோபுரத்தைக் கடக்கும் அதிர்வெண் அதற்கு மேலே; நடுவிலிருக்கும் குறுகிய இடைவெளியில் இயல்பு அதிர்வெண்ணைப் பொருத்துகிறோம். பைலைச் சுற்றியுள்ள மண் மென்மையானால் அது கீழே இறங்கி, சுழலியின் அதிர்வெண்ணையும் புயல் அலைகளின் ஆற்றலையும் நெருங்கும். அடுத்தது சாய்வு. பல திட்டங்களில், செயல்பாட்டுக் காலத்தில் சேரும் நிரந்தரச் சாய்வுக்குக் கடல் தரை மட்டத்தில் 0.25 டிகிரி என்ற எல்லை வைப்பார்கள். 100 மீட்டர் உயரத்தில் அது 44 சென்டிமீட்டர். பைல் உடையாது, ஆனால் எல்லை தாண்டிவிடும். ஆகவே திரவமாதல் நடக்கிறதா என்று கேட்பதைவிட, துளைநீர் அழுத்தம் பாதி ஏறினால் எவ்வளவு விறைப்பு போகும் என்று கேட்பது பயனுள்ளது. பாதுகாப்புக் காரணி 1.1 என்று வந்த அடுக்கிலும் அழுத்தம் கணிசமாக ஏறியிருக்கும். அதை முழு விறைப்போடு மாதிரியில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

உங்கள் அடுக்கு 8-லிருந்து 14 மீட்டர் வரை. 32 மீட்டர் இறங்கும் 8 மீட்டர் விட்ட மோனோபைலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு மீட்டர் முழுவதும் பிடிப்பை இழந்தாலும், கீழே 18 மீட்டர் உறுதியான மண் இருந்தால் பைல் நிற்கும். கவனிக்க வேண்டியது 14 மீட்டர் எல்லையில் மண்ணின் அசைவு திடீரென மாறுவதால் பைலில் எழும் வளைவுத் திருப்பமும், மேலுள்ள 8 மீட்டர் மண் நகர்ந்தால் அது பைலைத் தள்ளும் விசையும். திரவமான அடுக்கின் பக்கவாட்டு எதிர்ப்பை வழக்கமாகப் பத்தில் ஒரு பங்காகக் குறைப்பார்கள். அந்தக் குறைப்புக் காரணி மெல்லிய பைல்களின் சோதனைகளிலிருந்து வந்தது. 8 மீட்டர் விட்டத்தில் பக்க உராய்வும் அடிப்பரப்பும் தரும் எதிர்ப்பு பெரிய பங்கு என்பதால், முப்பரிமாணப் பகுப்பாய்வு செய்து பார்க்காமல் அதை அப்படியே எடுக்க மாட்டேன்.

இந்தத் தளத்தில் நான் உண்மையில் பயப்படுவது சக்‌ஷன் பக்கெட்டுக்குத்தான், அதாவது உள்ளிருக்கும் நீரை உறிஞ்சி மண்ணுக்குள் இறக்கும், கவிழ்த்த வாளி போன்ற அடித்தளத்துக்குத்தான். 8 முதல் 10 மீட்டர் நீளமுள்ள பக்கெட்டின் விளிம்பு நேராக உங்கள் பலவீனமான அடுக்கின் உச்சியில் போய் உட்காரும். எடையால் நிற்கும் கான்கிரீட் அடித்தளத்துக்கும் தரையை மேம்படுத்தாமல் வழியில்லை. ஜாக்கெட்டின், அதாவது பல கால்களுள்ள எஃகுச் சட்டக அடித்தளத்தின், பைல்கள் மெல்லியவை. செங்குத்து இழுவையையும் அழுத்தத்தையும் பக்க உராய்வால் தாங்குபவை. அந்த ஆறு மீட்டரின் உராய்வைக் கழித்துவிட்டு, பிறகு அழுத்தம் வடிந்து மண் அமரும்போது பைலைக் கீழே இழுக்கும் பாரத்தையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும். ஆக, மோனோபைலை ஒதுக்கச் சொல்லும் என்று நீங்கள் பயந்த தகவல், மற்ற சில வகைகளைத்தான் முதலில் ஒதுக்குகிறது.

பாரச் சேர்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலநடுக்கம் வரும்போது காற்றாலை ஓடிக்கொண்டிருக்கலாம், நின்றிருக்கலாம், அல்லது அதிர்வை உணர்ந்து அவசரமாக நிற்க முயலலாம். மூன்றையும் பார்க்க வேண்டும். தரச்சான்று நிறுவனமான டி.என்.வி.யின் ஆர்.பி. 0585 என்ற வழிகாட்டி காற்றாலைகளின் நிலநடுக்க வடிவமைப்புக்கென்றே எழுதப்பட்டது, ஐ.எஸ்.ஓ. 19901 தொகுப்பின் இரண்டாம், நான்காம் பகுதிகளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கத்துக்கு அடுத்த சில நாட்களில், அழுத்தம் முழுமையாக வடியாத வண்டல் மணலில் ஒரு பின்னதிர்வோ நடுத்தரப் புயலோ வந்தால் என்ன ஆகும் என்பதைத் தனி நிலையாகக் கணக்கிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஊடுருவுதிறன் குறைந்த மண்ணில் அது கற்பனை நிலை அல்ல. 2011 மார்ச்சில் ஜப்பானின் காமிசு கரையோரக் காற்றாலைகள் நிலநடுக்கத்தையும் சுனாமியையும் தாண்டி நின்றன. நல்ல செய்திதான், ஆனால் அவை 2 மெகாவாட் இயந்திரங்கள். இன்றைய இயந்திரங்கள் பல மடங்கு பெரியவை.

உங்கள் அடுத்த அடி: முதலில் நீரின் எடையை எடுத்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டுங்கள். 0.9 பக்கம் வந்தால், அதே அடுக்குக்கு மெல்லடுக்குத் திருத்தம் செய்து பாருங்கள்; 1-ஐத் தாண்டக்கூடும். தாண்டினாலும் அழுத்தம் ஏறும் பகுப்பாய்வையும் புயல் கணக்கையும் விட்டுவிடாதீர்கள். பிறகு அடுத்த ஆய்வுக் கப்பலுக்கான பட்டியலில் இரண்டைச் சேருங்கள்: வெட்டு அலை வேகத்தையும் அளக்கும் கோன், 8 முதல் 14 மீட்டருக்குள் மூன்று நான்கு ஆழங்களில் கோனை நிறுத்தி அழுத்தம் வடியும் வேகத்தை அளக்கும் சோதனை. வண்டல் அதிகமுள்ள இடங்களில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கொஞ்ச நேரம் கூடுதலாக ஆகும், கப்பல் தரப்பு தயங்கும். சட்டகம் கடல் தரையில் உட்கார்ந்திருக்கும்போதே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அந்தச் சோதனைக்கென்று கப்பலைத் தனியாக மறுபடி வரவழைக்க யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.